அத்தியாயம் 6: ஊரறிந்த பெண், ஊரறியாத ரகசியம்

1930 ஏப்ரல் 28 அன்று அமெரிக்கப் புத்தகக் கடைகளுக்கு மூன்று நாவல்கள் ஒரே நாளில் வந்து இறங்கின. விலை தலா 50 சென்ட். அட்டையில் கரோலின் கீன் என்று ஆசிரியர் பெயர். அப்படி ஒருவர் பூமியில் கிடையாது. கதாநாயகி நான்ஸி ட்ரூ, வயது பதினாறு, ரிவர் ஹைட்ஸ் என்ற கற்பனை ஊரில் வசிக்கும் வக்கீலின் மகள். யோசனைக்குச் சொந்தக்காரர் எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர். சிறுவர் தொடர்களைத் தொழிற்சாலைபோல் நடத்திவந்த மனிதர். தொடர் வெளியான பன்னிரண்டாம் நாள் அவர் காலமானார். நான்ஸியின் கதைகள் இன்றுவரை அச்சில் இருக்கின்றன.

2019இல் இங்கிலாந்தில் ஹாலி ஜாக்சன் என்ற புதிய எழுத்தாளரின் முதல் நாவல் வந்தது: 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்'. லிட்டில் கில்டன் என்ற கற்பனைச் சிற்றூர், பிப் என்று அழைக்கப்படும் பிப்பா ஃபிட்ஸ்-அமோபி என்ற பதினேழு வயது மாணவி, ஐந்து வருடங்களுக்கு முன்பு ஊரே முடித்துவைத்த ஒரு கொலை வழக்கு. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் புத்தக விருதுகளில் குழந்தைகள் புனைவுப் பிரிவில் அதற்குப் பரிசு. 2024இல் பிபிசி தொடராகவும் வந்தது.

இரண்டுக்கும் நடுவே 89 ஆண்டுகள். எலும்புக்கூடு மட்டும் ஒன்றுதான்: சின்ன ஊர், பதின்வயதுப் பெண், பெரியவர்கள் மூடிவைத்த விஷயம். இந்த வகைத் தொடர் எழுத விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எலும்புக்கூடு எப்படி நிற்கிறது என்பதை.

முந்தைய அத்தியாயத்தில் வந்த தொழில்முறைத் துப்பறிவாளரிடம் அடையாள அட்டை உண்டு, கட்டணம் உண்டு, காவல் நிலையத்தில் தெரிந்தவர் உண்டு. இந்தப் பெண்ணிடம் அதெல்லாம் இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போக அம்மாவிடம் கேட்க வேண்டும். அடுத்த வாரம் பரீட்சை. யாரையும் விசாரிக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. அவளுக்கு இருப்பது ஒன்றுதான்: ஊரில் எல்லோரையும் அவளுக்குத் தெரியும், எல்லோருக்கும் அவளைத் தெரியும். கதை ஓடுவது இந்தப் பலத்துக்கும் அந்தத் தடைகளுக்கும் நடுவிலான இழுபறியில்தான்.

முதலில் ஊர், பிறகு பிணம்

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் கொலையில் ஆரம்பிக்கிறார்கள். ஊரில் ஆரம்பிப்பது லாபம். பெருநகரத்தில் சாட்சிக்கும் குற்றவாளிக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிற்றூரில் அது நடக்காது.

ஜாக்சனின் நாவலில் ஆண்டி பெல் என்ற மாணவியைக் கொன்றதாக ஊர் நம்புவது ஸால் சிங் என்ற இளைஞனை. பிப்பின் நெருங்கிய தோழி காரா. காராவின் அக்கா நயோமி, ஸாலின் நண்பர் குழுவில் ஒருத்தி. ஆக, வழக்கின் முக்கிய சாட்சி ஒருத்தியைப் பார்க்க பிப்புக்குத் தேவைப்படுவது தோழி வீட்டுக்குப் போகும் சாக்கு மட்டுமே. ஒரு போலீஸ்காரர் அதே கேள்வியைக் கேட்டால் நயோமி அளந்து பேசுவாள். தங்கையின் தோழி கேட்கும்போது வாய் தவறும். சிற்றூர் கதாசிரியருக்குக் கொடுக்கும் முதல் வசதி இது.

இரண்டாவது வசதி, அதே உறவு திரும்பிக் கடிப்பது. கேள்வி கேட்டவள் நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டும். சந்தேகப்பட்டவரை அதே கடையில் பார்க்க வேண்டும். நகரத் துப்பறிவாளர் வழக்கு முடிந்ததும் வேறு பேட்டைக்குப் போய்விடலாம். இவளுக்குப் போக்கிடம் இல்லை.

ஜாக்சன் தான் வளர்ந்த பக்கிங்ஹாம்ஷர் மாவட்டத்திலேயே தன் கற்பனை ஊரை வைத்தார். ரிவர் ஹைட்ஸ் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை நான்ஸி ட்ரூ நாவல்கள் தெளிவாகச் சொல்வதில்லை. ஆறு உண்டு, ஏரிக்கரை பங்களாக்கள் உண்டு, பண்ணை வீடுகள் உண்டு. அந்த முதல் நாவல்களை எழுதிய மில்ட்ரெட் பென்சன் அயோவா மாநிலத்தின் லடோரா என்ற சிற்றூரில் பிறந்தவர். ஊரின் பெயர் கற்பனையாக இருக்கலாம். குறுக்குச் சந்து எங்கே போய் முட்டும், எந்தக் கடை எத்தனை மணிக்குச் சாத்தும், பேருந்து கடைசியாக எப்போது வரும் என்பவை கற்பனையாக இருந்தால் மூன்றாவது அத்தியாயத்திலேயே தடுமாற்றம் தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு முழுத்தாளில் ஊரை வரைய வேண்டும். பள்ளி, காவல் நிலையம், கதாநாயகியின் வீடு, இறந்தவரின் வீடு, வம்பு பேசும் இடம், ஆள் போகாத இடம் என்று பன்னிரண்டு புள்ளிகள் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில், அங்கே எந்த நேரத்தில் யார் இருப்பார் என்று ஒரு வரி. பிறகு வரும் பொய் சாட்சிகளில் பாதி இந்தத் தாளிலிருந்தே கிடைத்துவிடும்.

சாக்கு என்ற சாவி

பள்ளி மாணவி ஏன் கொலை வழக்கைத் தோண்ட வேண்டும்? ஆர்வம் என்று பதில் சொன்னால் வாசகர் ஒரு பத்து பக்கம் பொறுப்பார். அதற்குப் பிறகு வலுவான சாக்கு வேண்டும்.

ஜாக்சன் கண்டுபிடித்த சாக்கு கெட்டிக்காரத்தனமானது. இங்கிலாந்தில் மேல்நிலை மாணவர்கள் விரும்பினால் ஈபிக்யூ என்ற தனி ஆய்வு ஒன்றைச் செய்யலாம். மதிப்பு, மேல்நிலைப் பாடத் தேர்வான ஏ-லெவலில் பாதி. தலைப்பை மாணவரே தேர்ந்து படிவம் நிரப்ப வேண்டும். ஆசிரியர் ஒப்புதல் தர வேண்டும். வேலை நடக்க நடக்க 'ப்ரொடக்ஷன் லாக்' என்ற பதிவேடு எழுதிவர வேண்டும். பிப் தன் ஆய்வுத் தலைப்பாக ஆண்டி பெல் வழக்கை எடுத்துக்கொள்கிறாள்.

நாவல் திறப்பதே அந்தப் படிவத்தில்தான். அது ஒரே பக்கத்தில் மூன்று வேலை பார்க்கிறது. வழக்கின் சுருக்கம் வாசகருக்கு வந்து சேர்கிறது. கதாசிரியர் மூச்சுமுட்டப் பின்கதை சொல்லத் தேவையில்லை. அடுத்ததாக, பிப் கேள்வி கேட்டுத் திரிய ஒரு காகித அனுமதி கிடைக்கிறது. மூன்றாவதுதான் சுவையானது: ஆசிரியரின் குறிப்பில் ஒரு தடை இருக்கிறது. இரு குடும்பத்தாரையும் தொடர்புகொள்ளக் கூடாது, கொண்டால் ஆய்வு தள்ளுபடி. அடுத்த அத்தியாயத்தில் பிப் எங்கே நிற்கிறாள்? ஸாலின் வீட்டு வாசலில், அவன் தம்பி ரவி கதவைத் திறக்கக் காத்துக்கொண்டு. தடையைப் போட்ட மை காய்வதற்குள் அதை மீறவைத்ததில், இந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று விளக்கும் வேலை ஆசிரியருக்கு இல்லாமல் போனது.

பதிவேடு இன்னொரு விதத்திலும் கைகொடுக்கிறது. பேட்டிகள், வரைபடங்கள், சந்தேகப் பட்டியல்கள் எல்லாம் கதையின் நடுவே ஆவணங்களாகவே வருகின்றன. பிப் பார்ப்பதை வாசகரும் அப்படியே பார்க்கிறார். அவளை முந்திக்கொண்டு விடை கண்டுபிடிக்கப் பார்க்கிறார்.

சாக்கு மண்ணோடு ஒட்டியது என்பதற்கும் இதே நாவல் சாட்சி. அமெரிக்கப் பதிப்பில் லிட்டில் கில்டன், கனெக்டிகட் மாநிலத்தின் ஃபேர்வியூ ஆனது. அமெரிக்கப் பள்ளிகளில் ஈபிக்யூ கிடையாது. எனவே அந்த ஆய்வும் அங்கே வழக்கத்திலுள்ள 'சீனியர் கேப்ஸ்டோன் ப்ராஜெக்ட்' ஆனது. தமிழில் எழுதுபவருக்கும் இதே கணக்குதான். நம் பிளஸ் டூ மாணவிக்கு ஈபிக்யூ இல்லை. ஆனால் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலை இருக்கிறது, பள்ளி ஆண்டு மலருக்கு ஊர்ப் பெரியவர்களைப் பேட்டி எடுக்கும் வேலை இருக்கிறது. எந்தக் கதவையும் தட்டவைக்கும் சாவிகள் இவை.

கார் கொடுக்கலாமா, கூடாதா?

நான்ஸியிடம் நீல நிறத் திறந்த கார் இருந்தது. பதினாறு வயதிலேயே பள்ளிப் படிப்பு முடிந்தது. அம்மா இல்லை. அப்பா கார்சன் ட்ரூ மகளைத் தடுப்பதில்லை, சில சமயம் வழக்குகளைப் பற்றி அவளிடமே யோசனை கேட்பார். சமையலும் வீடும் ஹன்னா க்ரூன் பொறுப்பு. பணக் கவலை அறவே இல்லை. பெரும் பொருளாதார வீழ்ச்சி அமெரிக்காவை நெரிக்கத் தொடங்கிய வருடத்தில் ஒரு சிறுமியின் கையில் இதைவிடப் பெரிய கனவு என்ன இருக்க முடியும்?

இப்படி வீட்டுத் தடைகளை எல்லாம் துடைத்துவிட்டால், பதிலுக்கு வெளியே தடை வைத்தாக வேண்டும். அதனால்தான் நான்ஸி ஓயாமல் எங்காவது அடைபடுகிறாள். முதல் நாவலான 'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் க்ளாக்' கதையில் திருடர்கள் அவளை ஒரு பங்களாவின் அலமாரி அறைக்குள் பூட்டிவிட்டுப் போகிறார்கள். வெளியே யாரும் இல்லை. இன்று அந்தக் காட்சியை அப்படியே எழுத முடியாது. கையில் போன் இருக்கிறது, இருக்கும் இடத்தைத் தோழிக்கு அனுப்பிவிடலாம்.

பிப்பின் பாதை நேரெதிர். அவளுக்குப் பள்ளி, தம்பி, பெற்றோர், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் உண்டு. கருவிகள் போனும் மடிக்கணினியும். பழைய சமூக வலைத்தளப் படங்களே துப்பு. தடையாக நிற்பது பூட்டிய கதவைவிட, பேச மறுக்கும் மனிதர்கள், வரும் மிரட்டல் சீட்டுகள், எப்போது நிறுத்துவது என்று தெரியாத அவள் குணம்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. 2004இல் தொடங்கிய 'வெரோனிகா மார்ஸ்' தொலைக்காட்சித் தொடரில், கலிஃபோர்னியாவின் நெப்டியூன் என்ற கற்பனை ஊரின் ஷெரிஃபாக இருந்த அப்பா, செல்வாக்குள்ள ஒருவரைக் கொலைக்காகச் சந்தேகித்துப் பதவி இழக்கிறார். பிறகு தனியார் துப்பறியும் அலுவலகம் வைக்கிறார். பள்ளி முடிந்ததும் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். கேமரா, கோப்பு, தொடர்பு எல்லாம் கிடைக்கிறது. கூடவே ஊரின் பகையும் பள்ளியின் ஒதுக்கலும் வந்து சேர்கின்றன. கதாநாயகிக்கு ஒரு வசதியைக் கொடுக்கும்போது அதற்கான விலையையும் அதே காட்சியில் எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

மணி அடித்தபோது

துப்பு எப்படிக் கிடைக்க வேண்டும் என்பதற்கு நான்ஸியின் முதல் நாவலின் ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஜோசையா க்ரௌலி என்ற முதியவர் இறந்துவிட்டார். சொத்து டாப்ஹம் என்ற பணக்காரக் குடும்பத்துக்குப் போகிறது. அவர் கடைசியாக வேறொரு உயில் எழுதினார், அதில் ஏழை உறவினர்களுக்கும் பங்கு உண்டு என்பது நான்ஸியின் சந்தேகம். உயில் எங்கே? விசாரித்துக்கொண்டே போனவள், தனியாக வாழும் அபி ரோவன் என்ற மூதாட்டி வீட்டுக்கு வருகிறாள். கிழவி அடிபட்டுப் படுத்திருக்கிறாள். ஜோசையா உயிலைப் பற்றி ஏதோ சொன்னார், ஆனால் என்ன சொன்னார் என்பது நினைவில் சிக்கவில்லை. நான்ஸி அவளுக்கு வேண்டியதைச் செய்து கொடுத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அப்போது அறையிலிருந்த கடிகாரம் மணி அடிக்கிறது. கிழவிக்கு நினைவு வந்துவிடுகிறது: கடிகாரம்!

இந்தக் காட்சியில் தற்செயல் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனாலும் அது ஏமாற்று வேலையாகத் தெரிவதில்லை. வயதானவர் வீட்டில் கடிகாரம் இருப்பதும், அது மணி அடிப்பதும் இயல்பு. முக்கியமாக, நான்ஸி அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தது அவள் பரிவால். அதிகாரத்தோடு வந்த ஆள் பதில் கிடைக்கவில்லை என்று அஞ்சு நிமிடத்தில் எழுந்து போயிருப்பார். துப்பை வாங்கிக்கொடுத்தது பாத்திரத்தின் குணம். மணியோசை அதற்கு ஒரு சாக்கு.

துப்பு கிடைத்தும் கதை முடியவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கடிகாரம் இப்போது டாப்ஹம் குடும்பத்தின் ஏரிக்கரை பங்களாவில் இருக்கிறது. நான்ஸி அங்கே போகும் நேரம் பார்த்துத் திருடர்கள் பொருள்களை வண்டியில் ஏற்றுகிறார்கள், கடிகாரத்தையும் சேர்த்து. ஒரு துப்பு ஒரு பதிலையும் புதிதாக ஒரு சிக்கலையும் கொண்டுவந்தால்தான் அடுத்த அத்தியாயத்துக்குத் தீனி இருக்கும். பழைய பதிப்பில் இப்படி 25 அத்தியாயங்கள். பெரும்பாலானவை ஆபத்தின் விளிம்பில் முடிபவை.

ஊர் யார்மேல் கைகாட்டுகிறது?

பழைய நான்ஸி ட்ரூ நாவல்களுக்கு ஒரு கறை உண்டு. கறுப்பின மக்களையும் குடியேறிகளையும் கேலிச்சித்திரமாகவோ குற்றவாளியாகவோ காட்டிய பக்கங்கள் அவற்றில் இருந்தன. அலமாரிக்குள் அடைபட்ட நான்ஸியைத் திறந்துவிடும் கறுப்பினக் காவல்காரர் ஜெஃப் டக்கரே அப்படி எழுதப்பட்டவர்தான். ஸ்ட்ராட்டமேயரின் மகள் ஹாரியட் ஆடம்ஸின் மேற்பார்வையில் 1959 முதல் நாவல்கள் திருத்தி எழுதப்பட்டன. இன அடையாளக் கேலிகள் நீக்கப்பட்டன, 25 அத்தியாயம் 20 ஆனது, நான்ஸியின் வயது பதினெட்டாக உயர்ந்தது. கேலி போனதோடு அந்த மனிதர்களில் பலரும் கதையைவிட்டே போனார்கள் என்பது திருத்தத்தின்மேல் வைக்கப்படும் நியாயமான குற்றச்சாட்டு.

லிட்டில் கில்டனில் கொலையாளி என்று முத்திரை குத்தப்பட்ட ஸால், இந்திய வம்சாவளிப் பையன். அவன் உயிரோடும் இல்லை, தன் பக்கத்தைச் சொல்ல முடியாது. அவனைக் குற்றவாளி என்று நம்ப ஊருக்கு ஏன் இவ்வளவு சுலபமாக இருந்தது என்ற கேள்வி நாவல் முழுக்க ஓடுகிறது. சிங் குடும்பம் ஐந்து வருடமாக அதே ஊரில் வாய்மூடி வாழ்கிறது. 1930இல் எழுதியவர்கள் கண்டுகொள்ளாத முன்முடிவு, 2019இல் வழக்கின் மையமாகிவிட்டது.

ஆகவே தாளில் வரைந்த ஊரை மறுபடி எடுத்து, ஏதாவது காணாமல் போனால் இந்த ஊர் முதலில் யார் வீட்டைப் பார்க்கும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் குற்றவாளியை வைப்பது சோம்பேறித்தனம். அந்த வீட்டின் ஜன்னலிலிருந்து ஊர் எப்படித் தெரிகிறது என்று ஒரு காட்சியாவது எழுதுவது அவசியம்.

இவளுக்கு வயதாகுமா?

தொடர் எழுதுபவர் முதல் புத்தகத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது.

நான்ஸியின் முதல் 30 நாவல்களில் 23ஐ எழுதியவர் பென்சன். ஆரம்பத்தில் ஒரு நாவலுக்குக் கிடைத்தது 125 டாலர், உரிமைத்தொகை கிடையாது, பெயரும் கிடையாது. ஸ்ட்ராட்டமேயரின் நிறுவனம் கதைச் சுருக்கம் அனுப்பும், அவர் நாவலாக்குவார். 1980இல் பதிப்பாளர்களுக்கிடையே நடந்த வழக்கில் அவர் சாட்சி சொன்ன பிறகுதான் விஷயம் அழுத்தமாக வெளிவந்தது. இப்படிப் பல கைகளில் வளரும் தொடரில் கதாநாயகி மாறக் கூடாது. 1979 வரை வந்த 56 நாவல்களிலும் நான்ஸி வளரவில்லை. தோழிகள் பெஸ், ஜார்ஜ், காதலன் நெட் நிக்கர்சன் எல்லோரும் அப்படியே. எந்த நூலகத்திலும் எந்தப் பாகத்தையும் எடுத்துப் படிக்கலாம் என்பது இதன் லாபம்.

பிப் மாறுகிறாள். 2020இல் வந்த இரண்டாம் நாவலில் துப்பறிவதே வேண்டாம் என்று ஒதுங்கியவளைத் தோழன் கானரின் அண்ணன் காணாமல் போன செய்தி இழுத்துவருகிறது. 2021இல் வந்த மூன்றாம் நாவலில் அவள் தூக்கம் கெட்ட, பயந்துபோன பெண். முதல் வழக்கின் காயம் மூன்றாவது வரை ஆறவில்லை. மூன்றோடு அவள் கதையும் முடிந்தது. இந்தப் பாதையில் வேகம் அதிகம், ஆயுள் குறைவு.

நீண்ட தொடர்தான் வேண்டும் என்பவருக்கு ஓர் எச்சரிக்கை. 'மர்டர், ஷி ரோட்' தொலைக்காட்சித் தொடரின் கேபட் கோவ் என்ற சிற்றூர் பன்னிரண்டு சீசன்களில் கண்ட கொலைகள் இன்றுவரை கேலிப்பொருள். நான்ஸி இந்தக் கேலிக்குத் தப்பியதன் காரணம் எளிது: அவள் வழக்குகளில் கொலை அபூர்வம். தொலைந்த உயில், திருட்டு நகை, ஆள்மாறாட்டம், பேய் உலவுவதாகச் சொல்லப்படும் வீடு. பிணம் விழாமலேயே ஐம்பது புத்தகம் ஓட்டலாம் என்பதற்கு அவளே ஆதாரம்.

எழுத உட்காரும் முன்

இந்த அத்தியாயத்தின் பயிற்சி ஒரு வாரத்துக்கானது. முதல் நாள் ஊர் வரைபடம். இரண்டாம் நாள் கதாநாயகியின் சாக்கு. அதைப் படிவமாகவோ கடிதமாகவோ நோட்டீஸாகவோ ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அதில் ஒரு தடை கட்டாயம் இருக்கட்டும். மூன்றாம் நாள் அவளால் செய்ய முடியாத பத்து காரியங்களின் பட்டியல். எதிரே, ஒவ்வொன்றையும் அவள் எப்படிச் சமாளிப்பாள், அதற்கு என்ன விலை கொடுப்பாள் என்று எழுத வேண்டும். நான்காம் நாள் ஒரே ஒரு துப்புக் காட்சி, அவள் குணத்தால் மட்டுமே கிடைக்கும் துப்பாக. மீதி மூன்று நாளில் மூன்று வழக்குகளுக்குத் தலா ஒரு பக்கச் சுருக்கம்.

மூன்றாவது சுருக்கம் வரவில்லை என்றால் கையில் இருப்பது ஒரு நாவல்தான், தொடர் இன்னும் பிறக்கவில்லை. அப்போது ஊர் வரைபடத்துக்குத் திரும்பிப் போய்ப் புள்ளிகளைக் கூட்டுங்கள். ஸ்ட்ராட்டமேயர் முதல் நாளே கடைக்கு அனுப்பியது மூன்று புத்தகங்கள்.